ஊறுகாய் ஜாடிக்கு ஒரு மூடி

விருத்தாசலத்தில் பீங்கான் செய்கிறவர்கள் நடுவே, பிளாஸ்டிக் சாமானுக்கு அச்சு வடிவமைப்பவன் நான். சுவிட்சு, பொம்மைச் சக்கரம், பாட்டில் மூடி என்று கைக்குள் அடங்கும் பொருள்களுக்கான மோல்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் அதை எஃகில் வெட்டுவார்கள்.

தங்கையோடு சேர்ந்து பீங்கான் சூளை நடத்தும் ஓர் அம்மா, ஊறுகாய் ஜாடிக்கு மூடி வேண்டுமென்று வந்தார். மாதிரிக்கு ஒரு ஜாடி கொடுத்தார். அதன் வாயை அளந்து வரைந்தேன். மோல்டு தயாரானதும், முதலில் அடித்த மூடிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாளே போன் வந்தது. "மூடி சேரலைங்க. ஒண்ணுல உள்ளயே போவல, ஒண்ணுல லொடலொடன்னு ஆடுது."

"என் அளவுல தப்பே இல்லைங்க. உங்க ஜாடிதான் கோணல்," என்றேன்.

"ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க," என்றார்.

போனேன். நீளப் பலகையில் ஜாடிகளை வரிசையாக வைத்திருந்தார். வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரே களிமண், ஒரே சூளை. ஆனால் எந்த இரண்டு வாயும் ஒன்றாக இல்லை. சில வட்டமாகக்கூட இல்லை.

"வேவும்போது மண்ணு சுருங்குதுங்க. சூளை ஓரத்துல இருக்கறது ஒரு மாதிரி, நடுவுல இருக்கறது ஒரு மாதிரி," என்றார்.

பிளாஸ்டிக்கும் ஆறும்போது சுருங்கும். அதைக் கணக்கில் வைத்துத்தான் தினமும் வரைகிறேன். மண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெர்னியரைக் கீழே வைத்தேன்.

"மன்னிச்சுக்கங்க. போன்ல அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"டீ ஆறுது, குடிங்க," என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

மூடியின் உள்வளையத்தைச் சிறிதாக்கி, அதைச் சுற்றி நகம்போல் மெல்லிய, வளையக்கூடிய விளிம்பு ஒன்றை வரைந்தேன். சின்ன வாயில் அது மடங்கிக்கொள்ளும், பெரிய வாயில் விரிந்து நிற்கும். மோல்டின் நடுத்துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள் பட்டறையில். முதல் முயற்சியில், மூடி அச்சிலிருந்து வெளியே வரும்போது விளிம்பு கிழிந்தது. இன்னும் மிருதுவான பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம்.

புது மூடிகளோடு மறுபடி போனேன். அக்காவும் தங்கையுமாக ஜாடிகளில் தண்ணீர் ஊற்றி, மூடி, கவிழ்த்தார்கள். மிகவும் கோணலான ஒன்றில் மட்டும் மெல்லக் கசிந்தது. நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"இத்த நான் விக்கக் கூடாதுங்க. மூடி மேல தப்பு இல்ல."

மீதி ஜாடிகளைத் துடைத்து அடுக்க நானும் கூட நின்றேன்.