உறை போட்ட புத்தகங்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளுக்குப் போடுகிற பிறவுண் பேப்பர். அதில் உறை போட்ட நாலைந்து புத்தகங்களை என் மருமகள் கலியாணமாகி வந்த கிழமையே எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறை அலுமாரியில் அடுக்கினாள். ஒன்றின் முதுகிலும் பெயர் இல்லை. அவளுக்கு இடம் விட என் மகன் எனது பழைய ரேடியோவைத் தூக்கி நிலத்தில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உத்தியோக காலம் முழுக்கத் துறைமுகத்தில் பெட்டி திறந்து சரக்குச் சோதித்தவன் நான். சுற்றிக் கட்டி, பெயர் எழுதாமல் வருகிற எந்தப் பொருளையும் நான் நம்பியதில்லை.

அவள் வெள்ளவத்தைக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புரொட்டஸ்தாந்துக் குடும்பம். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். கலியாணம் எங்கள் கோவிலில்தான் நடந்தது. ஞாயிறு காலை எங்களோடு பூசைக்கு வருவாள். பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கூடும் சபைக்குப் போவாள். அந்தச் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, பிள்ளை வளர்ந்து தானாகக் கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அவள் வயிற்றில் பிள்ளை தரித்த நாளிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. என் பேரப்பிள்ளையின் தலையில் எங்கள் கோவில் தண்ணீர் படுமா, படாதா? மகனிடம் கேட்டேன். அவளோடு கதைத்துப் பார்க்கிறேன் என்றான். அவன் கதைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்.

ஆகவே நானே சோதனையில் இறங்கினேன். அவள் வேலைக்குப் போன பிறகு தடித்த புத்தகத்தை எடுத்து உறையைக் கழற்றினேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. வீடு என்னுடையது. உள்ளே கள்ளச் சரக்கு ஒன்றும் இல்லை. மருதானையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அட்டை பாதி கிழிந்திருந்தது. பியூரிட்டன்கள் என்று சொல்கிறார்களே, நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துப் பிரசங்கிமார், அவர்களில் ஒருவர் எழுதிய பக்திப் புத்தகம். குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிராக ஒரு வரி கிடைத்தால் போதும், மகனின் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று வாசிக்கத் தொடங்கினேன். நான் இந்த ஆட்களை வாசிக்கத் தொடங்கிய விதம் இதுதான். பக்தியால் அல்ல.

அந்தப் புத்தகத்து இங்கிலீஷ் ஆளை வாட்டி எடுக்கிற இங்கிலீஷ். தெமட்டகொடையில் நின்று சரக்கு ரயிலைப் பார்ப்பது போல. ஒரு வசனத்தின் கடைசிப் பெட்டி வரும்போது முதல் பெட்டி எங்கே போனது என்று தெரியாது. ஒவ்வொரு நாளும் கதிரையிலேயே நித்திரையாகிப் போனேன். அவள் வருமுன் உறையைப் போட்டு அலுமாரியில் வைத்துவிடுவேன்.

ஒரு நாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, உறையைத் தலைகீழாப் போட்டிட்டீங்கள்" என்றாள்.

அவள் அலுமாரியிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். "அந்தத் தடிச்சதில தொடங்கினா ஆருக்கும் நித்திரைதான் வரும். இதை எடுங்கோ. ஒரு நாளைக்கு ஒரு பந்தி காணும். வாய்விட்டு வாசியுங்கோ, அவை பிரசங்கம் பண்ணின ஆக்கள், காதால கேட்டாத்தான் விளங்கும்."

திற என்று சொல்லுமுன் பெட்டியைத் திறந்து காட்டுகிறவனைத்தான் நாங்கள் அதிகம் சோதிப்போம். இது தூண்டில் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் வாசித்தேன். அவள் சொன்னபடியே குரல் விட்டு, ஒரு நாளைக்கு ஒரு பந்தி. விளங்கியது. விளங்கியதும் ஆத்திரம் வந்தது. அந்த மெல்லிய புத்தகத்தை எழுதிய மனிதன் தன்னைத் தவிர வேறு ஒருவனையும் சந்தேகிக்கவில்லை. செபம் செய்துவிட்டு, நான் கடவுளுக்குச் செபித்தேனா, பக்கத்து அறைக்குக் கேட்கட்டும் என்று செபித்தேனா என்று தன்னையே விசாரிக்கிறான். தர்மம் கொடுத்துவிட்டு, யார் பார்த்தார்கள் என்று தேடித் தன் கண் எங்கே போனது என்று விசாரிக்கிறான். என் தொழில்காரன்தான். ஆனால் சோதிப்பது தன் பெட்டியை. எல்லாவற்றையும் வெளியே கொட்டி, துணி உள்மடிப்பையும் கிழித்துப் பார்க்கிறான். எத்தனையோ பேருடைய பெட்டிகளைக் கிளறினேன், என்னுடையதை ஒருவரும் திறக்கச் சொன்னதில்லை. இவன் யார் சொல்ல என்று புத்தகத்தை மூடி வைத்தேன். அடுத்த நாள் திரும்பவும் எடுத்தேன்.

கடைசியில் நான் தேடியது கிடைத்தது. குழந்தைகளைப் பற்றி அல்ல, பாப்பரசரைப் பற்றி. ஒரு பக்கம் முழுக்க வசவு. நான் எத்தனை சந்தோசப்பட்டேன் என்று சொல்ல முடியாது. இராச்சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தை விரித்து அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி மீன்குழம்பைத் தள்ளி வைத்தாள். மகன் சோற்றைப் பார்த்தான்.

அவள் வாசித்துச் சிரித்தாள். "ஓம் மாமா. அந்த ஆளுக்கு உங்களைப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்."

நான் மசியவில்லை. "சுத்தி வளைக்காத பிள்ளை. குழந்தைக்குக் கோவில்ல ஞானஸ்நானம் குடுக்க விடுவியோ, மாட்டியோ?"

"இந்தப் புத்தகங்களை எழுதின ஆக்களே தங்கட பிள்ளையளுக்குக் குழந்தையிலதான் குடுத்தவை. முக்கால்வாசிப் பேர். நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரேல்லை." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "எங்கட சபையில ஒத்துக்கொள்ளமாட்டினம். எனக்கும் முழு மனசில்லை. ஆனா மறிக்கமாட்டன். ஞானத்தகப்பனா நீங்களே நில்லுங்கோ. ஒண்டு மட்டும். ஃபாதர் கேக்கிற கேள்விக்கு ஆக்களோட ஆக்களாச் சொல்லாதேங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். இவ்வளவு மலிவாக யாரும் ஒன்றைத் தருவதில்லை, இதற்குள் ஏதோ இருக்கிறது என்றும் நினைத்தேன். இருந்தது.

பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றேன். நான் கேட்டபடி எல்லாம் நடந்தது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். எத்தனை ஞானஸ்நானத்தில், எத்தனை பாஸ்காத் திருநாளில் இதற்கு நான் மூச்சு விடாமல் பதில் சொல்லியிருப்பேன்! அன்று வாய் வரவில்லை. மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். எதை விட்டுவிடுகிறேன் என்று சொல்கிறேன்? இந்தத் தண்ணீர் பிள்ளைக்காகவா, வெள்ளவத்தைக்காரருக்கு முன்னால் நான் வென்றேன் என்று காட்டவா? அந்த மெல்லிய புத்தகத்துக்காரன் என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து ஃபாதர் திரும்பவும் கேட்டார். மகன் முழங்கையால் இடித்தான். மருமகள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

விட்டுவிடுகிறேன் என்று தனியாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் என்னைத் திட்டம் போட்டுப் பிடித்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்டால், நீங்களாகத்தானே எடுத்து வாசித்தீர்கள் என்பாள். இப்போது அவர்கள் மெல்பேர்னில் இருக்கிறார்கள். தடித்த புத்தகங்களைக் கொண்டுபோய்விட்டாள். மெல்லியதை விட்டுவிட்டுப் போனாள். மறந்து விட்டுப் போனதாகச் சொன்னாள். அதையும் நான் நம்பவில்லை. நான் சபை மாறவில்லை, மாறவும் மாட்டேன். பாப்பரசரை ஏசும் பக்கம் வந்தால் இன்றும் சத்தமாகத் திருப்பி ஏசிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். இந்த ஆட்களை எப்படித் தொடங்குவது என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தது இதுதான்: மெல்லியதை எடுங்கள், ஒரு பந்தி, வாய்விட்டு. நம்பிக்கொண்டு தொடங்க வேண்டியதில்லை.

ரேடியோ திரும்பவும் அலுமாரிக்கு ஏறிவிட்டது. போன கிழமை பங்கு ஆட்கள் செபமாலைக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது. அன்று காலை கடையில் பிறவுண் பேப்பர் வாங்கிவந்து அந்தப் புத்தகத்துக்குப் புது உறை போட்டேன். மனைவி கதவடியில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அதை ஏன் இப்ப மூடுறீங்கள்?"

"அட்டை கிழிஞ்சு போச்சு" என்றேன்.

அட்டை கிழியவில்லை. போன மாதம் நானே கொடுத்துப் புதிதாகக் கட்டுவித்தது.