என் கணவர் பதில் சொல்லாமல் நின்ற காலை

சென்ற ஆண்டு, பெசன்ட் நகரில் எங்கள் தெருநாய் ஒன்று செத்துப்போனது. பழுப்பு நிறம், பின்காலை இழுத்து இழுத்து நடக்கும். எதிர் வீட்டில் தனியாக வசிக்கும் அம்மாள்தான் அதற்குத் தினமும் சோறு வைப்பார். அன்று காலை எங்கள் வாசலில் வந்து நின்று, என் கணவர்தான் விஷம் வைத்துக் கொன்றார் என்று கத்தினார். முன்பு வேறொரு நாய் கடித்து என் கணவர் ஊசி போட்டுக்கொண்டதும், மாநகராட்சிக்குப் புகார் கொடுத்ததும் தெருவுக்கே தெரியும். அந்த அம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "நாய் போனது எனக்கும் வருத்தமா இருக்கும்மா," என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துவந்து, தெருமுனை மரத்தடியில் குழி தோண்டி, நாயைச் சாக்கில் சுற்றிப் புதைத்தார். அந்த அம்மாள் எட்ட நின்று, அழுதபடியே அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று வீட்டுக்குள் அவரைப் பிடித்து உலுக்கினேன். அழுகிறவரிடம் எப்படி வாதாடுவது என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மாலைக்குள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் நாறிவிட்டது. மனசாட்சி உறுத்தியதால்தான் புதைத்தார் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார்தான் வெச்சிட்டார்னு தெரு பூரா பேசிக்கினு கீறாங்க மேடம்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் தாழ்மையைப் பற்றி. குற்றம் சாட்டியவர்கள் முன் இயேசு மௌனமாக நின்றார் என்றார் சாமியார். நிற்கட்டும். மறுநாள் அதே தெருவில் காய்கறி வாங்கப் போக இயேசுவுக்கு மனைவி இல்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் என் கணவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க இன்னும் கோபம் வந்தது.

வீடு திரும்பியதும் நேராக எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். சண்டைக்குத்தான் போனேன். ஆனால் அந்த அம்மாளின் கண்கள் வீங்கியிருந்தன; சமையலறை மேடையில் நாய்க்கு வைக்கும் அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"விடியறதுக்கு முன்னாடி என் கண்ணால பார்த்தேன். உங்க வீட்டுக்காரர் கையில கிண்ணத்தோட அது பக்கத்துல குனிஞ்சு இருந்தார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்து கேட்டால், அமைதியாகச் சொல்கிறார்: காலைப் பூசைக்குக் கிளம்பும்போது அது நுரை தள்ளிக் கிடந்ததாம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். குடிக்கவில்லையாம்.

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அது சாகும்போது நான் பக்கத்துல இருந்தேன், நீங்க இல்லன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"உண்மையைச் சொன்னா அது பெருமையாயிடுமா? உங்க தாழ்மைக்கு நானும் சேர்ந்துல்ல அடி வாங்கறேன்," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. அவர் முகம் வாடிவிட்டது. என்னைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போய்ச் சொல்லலாம்," என்றார்.

சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, நடந்ததை மட்டும். அந்த அம்மாள், "ரொம்பத் துடிச்சுதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் துடிச்சுதும்மா. கடைசி வரைக்கும் தலையைத் தடவிக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று மாலை குழுவில், 'அவர் செய்யவில்லை' என்று ஒரே வரி போட்டார். அதற்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை. அத்தனை நாள் வரிந்துகட்டி எழுதியவர்கள்தான்.

இப்போது அந்த அம்மாளும் என் கணவரும் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். மன்னித்துவிட்டேன் என்று சாமியிடம் பொய் சொல்ல எனக்கு வராது. கோபம் இருக்கிறது, அதோடுதான் பூசைக்குப் போகிறேன்.