ருசி பார்க்காத பால்கறி

உடுவிலில், பெரியப்பா செத்து ஒரு வருசம் முடிந்த ஆட்டைத் திவசம். காலை ஏழு மணிக்கே சமையல் முடிந்துவிட்டது. ஆமியின் ஹெலி வானத்தில் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்ததால் ஐயர் வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. அதுவரை பூசணிக்காய்ப் பால்கறி, அடுப்புச் சூட்டில் புழுங்கும் குசினியில், மூடிய பித்தளைக் கிடாரத்துக்குள் கிடந்தது. படைப்பதற்கு முன் ருசி பார்ப்பது எங்களிடம் குற்றம். யாரும் பார்க்கவில்லை. இலையில் புளிப்பை உணர்ந்தவர்களும் திவசச் சோற்றில் குறை சொல்லக் கூடாதென்று விழுங்கினார்கள்.

இரவுக்குள் ஊரில் பாதிப் பேர் சத்தியும் வயிற்றோட்டமுமாகப் படுத்தார்கள்.

விடிந்ததும் அண்ணை, பெரியப்பாவின் மகன், கிணற்று வாளியைக் கழற்றி அறைக்குள் வைத்துப் பூட்டினார். பின்வளவுக் கொட்டிலில், கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்று கிழமையாக அவர்களுக்கும் அதே கிணறுதான்.

"உவையள் அள்ளத் தொடங்கினாப் பிறகுதான் உது," என்றார் அண்ணை.

நான் அப்போது பத்திரிகையில் வேலை செய்தேன். குறிப்புப் புத்தகத்துடன் வீடு வீடாகப் போனேன். என்ன சாப்பிட்டீர்கள், எதை இலையில் விட்டீர்கள் என்பது மட்டுமே கேள்வி. அந்தக் கிணற்றுத் தண்ணீரை எல்லோரும் குடித்திருந்தார்கள். பால்கறி சாப்பிட்டவர்கள்தான் படுத்திருந்தார்கள். அயல்வீட்டு வாத்தியார் வாசல் படலையில் நின்று சிரித்தார்.

"பூசணிக்காயை நான் இலையிலை வைக்கவே விடமாட்டன். மூண்டு செம்பு தண்ணி குடிச்சனான். இந்தா, கல்லுமாதிரி நிக்கிறன்."

கடைசியாகக் கொட்டிலுக்குப் போனேன்.

"உங்களுக்கு ஒண்டும் இல்லையே, அக்கா?"

"எங்களை ஆர் தம்பி பந்திக்குக் கூப்பிட்டது? நாங்கள் தண்ணியைத்தான் குடிச்சனாங்கள்."

இதைவிட என்ன சான்று வேண்டும்? போய் அண்ணையிடம் சொன்னேன்.

"பாத்தியே, அவையளுக்கு ஒண்டும் செய்யேல்லை! அப்ப ஆர் கிணத்துக்கை நஞ்சு போட்டது?"

"அவை பால்கறி சாப்பிடேல்லை, அண்ணை. நீங்கள் சாப்பிட்டனீங்கள்."

"அப்பருக்குப் படைச்ச கறி பழுதெண்டு சொல்லுறியோ? உன்ரை பேப்பர்க் கதையை உன்ரை பேப்பரிலை எழுது."

கிடாரத்தை ஏற்கெனவே புளி போட்டு மினுக்கிக் கவிழ்த்திருந்தார்கள்.

அந்தத் தாய் அரை மைல் நடந்து, கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நான் என் வீட்டு வாளியைக் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டினேன். அண்ணை அவிழ்த்து எறிந்தார். மறுநாளும் கட்டினேன். அதையும் எறிந்தார். மூன்றாம் நாள் வாளியோடு போனபோது கொட்டில் வெறுமையாக இருந்தது. நிலத்தைக் கூட்டி, சாணத்தால் மெழுகிவிட்டுப் போயிருந்தாள்.

"பாத்தியே, குற்றமில்லாட்டி ஏன் போறாள்?" என்றார் அண்ணை. பூட்டியிருந்த வாளியை எடுத்து வந்து, அந்தக் கிணற்றிலேயே அள்ளிக் குடித்தார்.