அண்ணன் வாங்கித் தந்த ஹெல்மெட்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெல்டிங் செய்வேன். பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன்; அது வேலை. இது ஆசைக்கு. பாகற்கொடிக்குப் பந்தல் போட ஆள் கிடைக்காமல், சின்ன மெஷின் ஒன்று வாங்கி நானே கம்பிகளை ஒட்டவைத்ததில் தொடங்கியது. முதல் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ரேக், பக்கத்து வீட்டுக்கு ஓர் ஏணி.

கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியோடு வேலை செய்தால் ஒரு கை அதற்கே போய்விடும். முகத்துக்கு நேரே கொண்டுவந்ததும் எல்லாம் இருட்டு. வெல்டிங் ராடு கம்பியை எங்கே தொடுகிறதென்று தெரியாது. வெளிச்சம் வந்ததும் தானாகக் கறுத்து, அணைந்ததும் தானாகத் தெளிகிற ஹெல்மெட் இருப்பது தெரிந்ததிலிருந்து அதன்மேல் ஒரே குறி.

மூன்று வாரம் தேடினேன். மிக மலிவானவற்றில் என்ன கண்ணாடி இருக்கிறதென்றே எழுதியிருக்கவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் போடுவது என் ஆசைக்கு அதிகம். நடுவில் ஒன்று அகப்பட்டது. வெளிச்சத்தை உணர நான்கு சென்சார், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, கருமையைக் கூட்டிக் குறைக்க வெளியே ஒரு குமிழ். உள்ளே என் மூக்குக்கண்ணாடிக்கும் இடம் இருந்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் அண்ணன் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் போனில் சொன்னேன்.

"ஆன்லைன்ல போடாத பாப்பா. டூப்ளிகேட் தள்ளி விட்ருவானுவ. எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, நானே வாங்கியாறேன்."

படத்தை அனுப்பினேன், பணத்தையும் அன்றே அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது துணிப்பையில் கொண்டுவந்தான். பெட்டி இல்லை. இரண்டே சென்சார்.

"நீ கேட்டது ஸ்டாக் இல்ல. இது அதவுட நல்லது. பெட்டி கிழிஞ்சிருந்துச்சி, தூக்கிப் போட்டுட்டேன்."

முன்கண்ணாடிமேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. நெற்றிப் பட்டை புதிது. தலையில் மாட்டியபோது மட்டும் லேசாகத் தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. பையில் வேறேதோ இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் யாரோ முன்பின் தெரியாதவர் தந்திருந்தால் அங்கேயே நான்கு கேள்வி கேட்டிருப்பேன்.

முதல் இரண்டு ஞாயிறு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ஞாயிறு, மேசைக்காலின் உள்மூலையை ஒட்டவைக்கக் குனிந்தபோது கண்ணாடி கறுக்கவே இல்லை. வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குள் அப்படியே இறங்கியது. தலையை நான்தான் கோணலாக வைத்திருப்பேன் என்று மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. சாயங்காலம் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், தண்ணீராகக் கொட்டியது. மறுநாள் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"வெல்டிங் வெளிச்சம் நேரா பட்டிருக்கு. ஆறிடும். ஆனா இனிமே இப்படி ஆவக் கூடாது. எதப் போட்டுக்கிட்டு செய்யுறீங்கன்னு மொதல்ல பாருங்க."

லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்த அந்த வாரம்தான் பார்த்தேன். ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளிக்கும் சென்சார் வேலை செய்யும் என்பதால், டிவி ரிமோட்டை ஒவ்வொரு சென்சார் முன்னாலும் வைத்து அழுத்தினேன். வலது பக்கம் அழுத்தினால் கண்ணாடி கறுத்தது. இடது பக்கம் எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. வலப்பக்கத்தை மேசைக்கால் மறைத்தால் அவ்வளவுதான், அது வெறும் கண்ணாடி. பேட்டரி மூடியைக் கழற்றினேன். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. பொருள் ஒரு மாதத்துப் பழசில்லை, பல வருஷத்துப் பழசு. கடைக்காரன் அண்ணனை ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு அத்தனை கோபம்.

சொல்லாமல் கடலூருக்கு பஸ் ஏறினேன். அவனையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போடுவது என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

பட்டறை வாசலில் அண்ணன் ஒரு கேட்டின்மேல் குனிந்திருந்தான். தலையில் நான்கு சென்சார் ஹெல்மெட். மூன்று வாரம் நான் தினமும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தது. நிமிர்ந்து அதை மேலே தள்ளியவன் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி கீழே இழுக்கப் போய் நிறுத்தினான்.

"இது என்னுதாண்ணா?"

கையிலிருந்த ராடைக் கீழே வைத்தான். "நீ ஞாயித்துக்கெழம வெளாட்டுக்குச் செய்யுற. நான் டெய்லி இதுல நிக்கிறேன். உனக்கு எதுக்கு இவ்ளோ பெரிசு?"

"அப்ப இது?" பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"என்னுதுதான். நல்லாத்தான் இருந்துச்சி. எப்பவாச்சும் மக்கர் பண்ணும்."

"மக்கர் பண்ணும்னு தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"புதுப் பட்ட போட்டுத்தான குடுத்தேன்."

கேட்டைப் பார்த்தபடியேதான் சொன்னான். கடைக்காரனுக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இவனுக்குப் பொருந்தவில்லை.

"கேட்டிருக்கலாம்லண்ணா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

சிரிப்பதுபோல் உதட்டைக் கோணினான். ஹெல்மெட்டைக் கழற்றி, உள்பக்க வியர்வையைச் சட்டையில் துடைத்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்வேன் என அவன் எதிர்பார்த்திருக்கலாம். நானும் என்னிடம் அதை எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பழையதை அவனுடைய ஸ்டூல்மேல் வைத்தேன். அண்ணி உள்ளேயிருந்து, "டீ குடிச்சிட்டுப் போ பாப்பா," என்று கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை மடியில் அதை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன்: கேட்டிருந்தால் உண்மையில் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. ஆனால் வெளிச்சத்தை மறைக்காத ஒன்றை நல்லதென்று சொல்லி அவன் முகத்தில் மாட்டியிருக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்.

புது ஹெல்மெட் நன்றாக வேலை செய்கிறது. அவன் தலை அளவுக்கு இருந்த பட்டையை இரண்டு பல் இறுக்கிக்கொண்டேன். பொங்கலுக்குப் போனில் பேசினோம், கரும்பு விலை, பிள்ளைகள் பரீட்சை என்று. ஹெல்மெட் மாறிய கதையை வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் போனதை மட்டும் அண்ணியிடம் போனில் சொல்லியிருந்தேன்; அவள் மூலமாக அது அவனுக்கும் தெரியும். என் கண் எப்படி இருக்கிறதென்று மட்டும் அவன் இதுவரை கேட்கவில்லை.