குடலைப் படம் பிடிக்கப் போன நாள்

ஒன்பது வயதில் என் குடலைப் படம் பிடிக்கச் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். எங்கள் வகுப்பில் யாருக்கும் வாய்க்காத யோகம் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாகச் சாப்பிட்டது ஒட்டாமல், வயிற்றுவலியும் பேதியுமாகக் கொத்தவரங்காய் வற்றலாகிப் போயிருந்ததெல்லாம் அன்றைக்கு மறந்தே போனது. டாக்டர் சொன்னதை அப்பா பஸ்ஸில் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். குடல் வீங்கி மட்டும் இருந்தால் மருந்து போதும், சுருங்கி அடைத்திருந்தால் ஆபரேஷன்.

முதலில் ஒரு பெரிய பாட்டில் நிறைய மருந்துத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். அசட்டுத் தித்திப்பு. குடல் விரிந்தால்தான் படம் தெளிவாக விழுமாம். கலர் குடித்தாலே திட்டுகிற அம்மா, "இன்னும் ஒரே மடக்கு, சாமி" என்று கெஞ்சினாள். எனக்கு ராஜமரியாதையாக இருந்தது.

அறைக்கதவு திறந்ததும் துள்ளல் போன இடம் தெரியவில்லை. அத்தனை பெரிய மெஷின், நடுவில் ஒரு பொந்து. தனியாகப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அசைந்தால் படம் கலைந்துவிடும், பெரியவர் ஒருவர் கூட வரலாம், ஆனால் உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றார் படம் எடுக்கும் அக்கா. ரிக் வண்டியில் போர்வெல் போடப்போய் அடிபட்ட அப்பாவுக்குக் காலில் கம்பி. மிச்சம் அம்மாதான். அவள் கழுத்திலோ தாலிக்கொடி.

அதைக் கழற்றச் சொன்னதற்காகவே தன் இடுப்புவலிக்கு ஸ்கேன் எடுக்காமல் வீடு திரும்பியவள் அம்மா. எங்கள் வீட்டில் அது பெரிய கேலி. பஸ் ஒடித்துத் திரும்பினாலும், நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தாலும், அவள் கை தானாகக் கொடியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

"இரு, மஞ்சக்கயிறு வாங்கியாரேன். அதைக் கட்டிக்கிட்டு இதைக் கழட்டு" என்றார் அப்பா.

"அதுவரைக்கும் புள்ள குடிச்ச தண்ணி உள்ள நிக்குமுங்களா? புடிங்க" என்று கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு, என்னோடு உள்ளே வந்துவிட்டாள்.

மெஷின் ஓடியதும் என் பயம் பறந்தது. அச்சு அசல் அப்பாவின் ரிக் பாறையில் இறங்குகிற சத்தம். மூச்சை அடக்கு என்று காதுக்குள் குரல் வரும்போதெல்லாம் அடக்கிக்கொண்டு, இப்போது நூறடி, இப்போது இருநூறடி, இதோ தண்ணீர் வரப்போகிறது என்று மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கால் கட்டைவிரலைப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை. வலித்தது.

வெளியே வந்தால், அப்பா கொடியை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். அத்தனை பேர் பார்க்க அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டார். நான் கைதட்டினேன்.

வீக்கம்தான், அடைப்பு இல்லை என்று சாயங்காலம் சொன்னார்கள். ஊருக்கு வந்து அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்த்துவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

நான் ஆடாமல் இருக்கத்தான் அம்மா என் விரலைப் பிடித்திருந்தாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த அரைமணி நேரம் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறொன்றும் இல்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.