தெற்குச் சரிவில் கால்யோப்போ

இத்தாலியின் தெற்குக் கோடியில் கலாப்ரியாவின் கடலோரத்திலிருந்து வடக்கே லாங்கே மலைக்கு மருமகளாக வந்தபோது, சவேரியாவுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல்கூடப் புரியாது. தரகர் பேசி முடித்த கல்யாணம். மலையூர்ப் பெண்கள் டவுன் மாப்பிள்ளையைத் தேடிப் போய்விட, திராட்சைக்காரர்கள் தெற்கே போய்ப் பெண்ணெடுத்த காலம் அது.

புருஷன் தெரேசியோ நல்லவன்தான். ஆனால் வாயே திறக்கமாட்டான். திராட்சைக் கொடியைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு வரும். சவேரியா அதையே பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன?"

"டோல்செட்டோ. முதல்ல பழுக்கும். சாது. சீக்கிரமே குடிச்சிடலாம்."

"அது?"

"பார்பெரா. புளிப்பு தூக்கலா இருக்கும். கொழுப்புக் கறிக்கு அதான் சரி."

மூடுபனி இறங்கிய பிறகுதான் கடைசி ரகமான நெப்பியோலோவைப் பறித்தார்கள். ஒரு பழத்தை மென்றவள் முகத்தைச் சுளித்தாள்.

"இனிக்கிற மாதிரி இனிச்சிட்டு நாக்கைப் பிடிச்சு இழுக்குதே! இதுக்கா நல்ல வெயில் விழற இடத்தையெல்லாம் குடுத்திருக்கீங்க?"

"பீப்பாயில சில வருஷம் கிடக்கட்டும். ரோஜா வாசம் வரும்."

"அதுவரைக்கும்?"

"பார்பெரா குடி," என்று அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

சில வருஷம் கழித்து ஒரு பனிக்காலத்தில் அவள் அப்பா இறந்துபோனார். இருவரும் கலாப்ரியாவுக்குப் போனார்கள். அடக்கம் முடிந்ததும் அண்ணன், நிலத்தை விற்கப்போவதாகச் சொன்னான். அப்பா வளர்த்த கால்யோப்போ திராட்சைக் கொடிகளை இனி வேரோடு பிடுங்கிவிடுவார்கள். சவேரியா தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஊர் திரும்பும் ரயிலில்தான், ஈரச்சாக்கில் சுற்றிய குச்சிக் கட்டு ஒன்று தெரேசியோவின் மடியில் இருப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"உங்கப்பாவோடது. வெட்டிட்டு வந்தேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

தெரேசியோ அந்தக் குச்சிகளை வேர்விட்ட வேறு கொடித்தண்டுகளில் ஒட்டுக்கட்டி, தெற்குச் சரிவில் ஒரு வரிசை நெப்பியோலோவைப் பிடுங்கிவிட்டு அங்கே நட்டான். மாமியார் தெல்ஃபீனா கொதித்துப்போனாள்.

"புத்தி கெட்டுப்போச்சாடா? தங்கம் விளையிற இடத்துல கண்ட கொடியையும் நடுற!"

"வெயில் பழக்கப்பட்டதும்மா. வேற எங்க நட்டாலும் பழுக்காது."

அங்கேயும் சரியாகப் பழுக்கவில்லை. வருஷா வருஷம் வெளுத்த, புளித்த ஒயின்தான் வந்தது. "பிடுங்கிடுங்க, பரவால்ல," என்று சவேரியாவே சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிர்காலம் வந்தால் முதலில் அந்த வரிசையைத்தான் கவாத்து செய்வான்.

பிறகு ஒரு கோடை, மலையே காய்ந்து கருகும்படி வெயில் அடித்தது. அந்த வருஷ ஒயின் மாதுளை நிறத்தில் தெளிந்தது. முதல் வாயிலேயே சவேரியாவுக்கு அப்பாவின் வீட்டு மேஜை நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கோப்பையை வைத்துவிட்டு, தெரேசியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த பாதிரியார் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். "இது நம்ம மலைச் சரக்கு இல்லையே, தெல்ஃபீனா?"

"எங்க சம்பந்தி வீட்டு ஒயின், சாமி," என்றாள் தெல்ஃபீனா. "கொஞ்சமா ஊத்திக்குங்க. எனக்கும் வேணும்."