போணி ஆகாமல் இறங்காத கூடை

"பானும்மா, என் காலு எங்க?" என்று பெரியநாயகி கேட்டாள்.

கால்கள் அவள் கண்ணெதிரே பாயில்தான் கிடந்தன. குப்புறப் படுத்திருந்தவளை அப்போதுதான் நாங்கள் மெல்லப் புரட்டியிருந்தோம். ரயிலில் எதிரே உட்கார்ந்த யாரோ ஒருத்தியின் கால்களைப் பார்ப்பதுபோல அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அக்கா மெஹர் பானு அவற்றைப் பிடித்து உலுக்கினாள். "இதோ இருக்குடி. தெரியலியா?"

"பாக்கத் தெரியுது. பிடிச்சது தெரியல."



பெரியநாயகி காரைக்கால்மேட்டுக்காரி. கோட்டுச்சேரிமேட்டில் பிறந்து, கட்டுமரக்காரர் சோமுவுக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே வந்தவள். விடிந்ததும் கரையில் ஏலம் எடுத்து, கூடையை நிரப்பிச் சும்மாட்டின் மேல் ஏற்றினால், நேராக எங்கள் தெருவுக்குத்தான் நடப்பாள். வழியில் எத்தனை வீட்டில் கூப்பிட்டாலும் நிற்கமாட்டாள். மேட்டுப் பெண்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் போணி செய்கிறவர் கைகொடுத்துத்தான் கூடை இறங்கவேண்டும். அதற்கு முன்னால் தரையில் வைத்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். பெரியநாயகி கல்யாணமாகி வந்த புதிதில் மெஹர் பானு கூடைக்குக் கைகொடுத்த அன்று மீன் முழுவதும் விற்றுப்போயிற்று. அன்றிலிருந்து இருபது வருஷமாக அவள் கைதான் ராசி. அக்கா எழுந்து வர நேரமானால், பெரியநாயகி வாசலில் கூடையோடு அப்படியே நிற்பாள். தலையைத் திருப்பக்கூடமாட்டாள்.

"கொடுவா பாருங்க பானும்மா. கண்ணு எப்படி இருக்கு! ஒங்க வூட்டுக்காரரவிட முழிப்பா இருக்கு."

"அவர் தூங்கிட்டிருக்கார்டி. ஓம் மீனு செத்துல்ல போச்சு?"

"தூங்குறவரு முழிக்கிறதுக்குள்ள குழம்பு வச்சுடுங்க."

நான் சைகோனிலிருந்து விடுப்பில் வந்திருந்த ஐம்பத்துமூன்றாம் வருஷத்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. செதில் சீவும்போது மீன் அவள் வலக்கையிலிருந்து நழுவும். கட்டைவிரலும் பக்கத்து விரலும் மரத்துக்கிடக்கின்றன என்றாள். பிடரியில் பிடித்த வலி தோள் வழியாக இறங்கிக் கையில் நெருப்பாக ஓடுகிறது என்றாள். நல்லெண்ணெய் போட்டு உருவினாள், உப்பு ஒத்தடம் கொடுத்தாள். கூடையை மட்டும் விடவில்லை.

"சுளுக்குதான். நீங்க ஒரு மிதி மிதிச்சீங்கன்னா போயிடும்," என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

மெஹர் பானு பிறக்கும்போது கால் முன்னால் வந்தவள். அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். முதுகு பிடித்துக்கொண்டது, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பெண்கள் எங்கள் முற்றத்தில் வந்து குப்புறப் படுப்பார்கள். அக்கா பிஸ்மி சொல்லிக் குதிகாலால் மெல்ல மிதித்துவிடுவாள். நிறையப் பேர் எழுந்து சிரித்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

"கழுத்துல நான் மிதிச்சதில்லையே," என்று அக்கா தயங்கினாள்.

"கழுத்தும் முதுகோட சேந்ததுதானே? மிதிங்க. மீனு நாறிடப் போவுது."

மிதித்தாள். நெட்டி முறிக்கும்போது வருமே, அப்படி ஒரு சின்னச் சத்தம். "போச்சு! விட்டுச்சு பானும்மா!" என்று பாயில் முகம் புதைத்தபடியே பெரியநாயகி சிரித்தாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள். மேலுடம்பு மட்டும்தான் லேசாக அசைந்தது.

ஒரு கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்தி, தலை ஆடாமல் நான் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சோமுவும் தகவல் கேட்டு ஓடிவந்தார். பிரெஞ்சுக்கார டாக்டர் அவள் கையையும் காலையும் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் சொல்வதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதைப் பிரெஞ்சிலும் சொல்லும் வேலை எனக்கு.

சாவி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்காலில் குதியிலிருந்து மேலே கோடு இழுத்தார். பெருவிரல் மெல்ல மேலே நிமிர்ந்தது.

"அசையுது! ஆத்தா, அசையுது!" என்று சோமு கத்தினார். டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டாக்டர் முகம் இருண்டது. "அவரிடம் சொல்லுங்கள். அது அவள் அசைத்ததல்ல. நல்லபடியாக இருந்தால் விரல் கீழே மடங்கவேண்டும். மேலே போனால் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம்."

இரண்டு மொழி படித்ததை நான் வெறுத்த நேரம் அது. சோமுவிடம் சொன்னேன். பிடித்திருந்த கையை அவர் மெதுவாக விட்டார்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒவ்வொன்று உண்டாம். வெளியே கெட்டி, உள்ளே கொழகொழப்பு. வருஷக்கணக்கில் பாரம் அமுக்கியதில் வெளிப்பக்கம் கிழிந்து, உள்ளே இருப்பது பிதுங்கிக் கைக்குப் போகும் நரம்பைத் தொட்டிருக்கிறது. விரல் மரத்தது அதனால்தான். எக்ஸ்ரே படம் எடுத்தாலும் எலும்புதான் தெரியும், மெத்தை தெரியாது என்றார் டாக்டர்.

"நுங்க அழுத்தினா கண்ணு பிதுங்கித் தெறிக்குமே, அந்த மாதிரியா தம்பி?" என்று படுத்தபடியே பெரியநாயகி கேட்டாள்.

நுங்குக்குப் பிரெஞ்சு எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். டாக்டர் வேகமாகத் தலையாட்டினார். "அதேதான்! அப்படிப் பிதுங்கியதைத் தண்டுவடத்தின் மேல் தள்ளியது யார்?"

அதை நான் தமிழில் சொன்னதும், வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்ற மெஹர் பானு முன்னால் வந்தாள். "நான்தான்."

அவர் என்னிடம் நீளமாகப் பேசினார். கொல்லவேண்டும் என்று நினைத்து வைத்திருந்தால்கூட இவ்வளவு சரியான இடத்தில் கால் வைத்திருக்க முடியாது என்றார். பெரியநாயகியின் கால்களுக்கு உணர்வு திரும்பாவிட்டால் மதராசுக்கு அனுப்பிப் பிடரியைக் கீறிப் பார்க்கவேண்டும், அதில் எல்லாரும் பிழைத்து வருவதில்லை என்றார்.

"தொரை என்ன சொல்றார் தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"கழுத்துல மிதிக்கக் கூடாதுங்கிறார், லாத்தா."

"அவ்வளவு நேரம் பேசினாரே," என்றாள் அக்கா. 

தாடையையும் பிடரியையும் சுற்றித் தோல்வார் மாட்டினார்கள். தலைமாட்டில் ஒரு கப்பி வேண்டும் என்றதும், சோமு தெரிந்தவர் தோணியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். கயிற்றின் மறுமுனையில் மணல்பை தொங்கியது. எவ்வளவு மணல் என்பதை டாக்டரே நிறுத்துப் போட்டார். எலும்புகள் விலகி இடம் கொடுத்தால் பிதுங்கியது நரம்பை விடலாம். விடும் என்று அவர் சொல்லவில்லை.

"இத்தன வருசமா நான் கீழ அமுக்கினேன். இப்ப இவங்க மேல இழுக்குறாங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள் பெரியநாயகி. "யாரு செயிக்கிறாங்கன்னு பாப்போம்."

மெஹர் பானு தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கரண்டியால் புகட்டினாள். ஒரு காலையில் பெரியநாயகி வாயை மூடிக்கொண்டாள். "கால்ல எறும்பு ஊருது."

நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். "எறும்பு ஒண்ணுமில்லையே."

"இல்லாட்டியும் ஊருது தம்பி."

சாவி எதுவும் படாமலே பெருவிரல் மெல்லக் கீழே மடங்கியது. மெஹர் பானுவின் கையிலிருந்த கிண்ணம் அப்படியே தரையில் விழுந்தது.

என் விடுப்பு முடிவதற்குச் சில நாள் முன்பு பெரியநாயகி எங்கள் தெருவுக்கு வந்தாள். கழுத்தில் பஞ்சு வைத்துத் தைத்த தோல்பட்டை. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கூடை சோமுவின் தோளில் இருந்தது. வலக்கை விரல்களுக்கு இன்னும் முழுசாகத் தெம்பு வரவில்லை.

"ஆம்பள கூடை தூக்குறாருன்னு மேடே இவரப் பாத்துச் சிரிக்கிது," என்றாள். "வழியில ரெண்டு எடத்துல கூடைய எறக்கி வக்கச் சொன்னேன் பானும்மா. மீனு ஒண்ணும் எந்திரிச்சு ஓடல."

அக்கா வெளியே வராமல் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். அந்த முற்றத்தில் அன்றைய மிதிக்குப் பிறகு அவள் யாரையும் படுக்கவிட்டதில்லை. ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை எங்களுக்குச் சொன்னவள் அடுத்த வீட்டு அஜீசுன்னிசா. பெரியநாயகியைப் பார்த்ததும் உள்ளே வந்தவள், "பாத்தியா? அன்னைக்கு நீ மிதிச்ச மிதிதான் மெதுவா வேல செஞ்சிருக்கு. டாக்டரு சும்மா கட்டிவச்சு மணல்பை தொங்கவிட்டாரு, அவ்வளவுதான்," என்றாள். பாயையும் அவளே எடுத்து விரித்தாள். "எனக்கும் கழுத்துல பிடிச்சுகிட்டு ஒரு வாரமா உசிரு போவுது. ஒரே மிதி, பானு."

 மெஹர் பானு சுவரோடு ஒட்டிக்கொண்டு, கால்விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இருங்கம்மா," என்றாள் பெரியநாயகி. கூடையிலிருந்து ஒரு கொடுவாவை இடக்கையால் எடுத்து நீட்டினாள். "கை மரக்குதா?"

"லேசா. அதுக்கென்ன இப்ப?"

"இதக் கொஞ்சம் பிடிங்க."

அஜீசுன்னிசா சிரித்துக்கொண்டே வாங்கினாள். மீன் அவள் விரல்களுக்குள் ஒரு கணம் நின்று, நழுவி, விரித்த பாயில் போய் விழுந்தது. குனிந்து மறுபடி எடுத்தாள். மறுபடியும் நழுவியது. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"தலைய ஆட்டாதீங்க," என்றாள் பெரியநாயகி. "தம்பி, ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கூப்பிடுங்க."